மார்பின் தோலில் இரைப்பைப் புற்று: இரண்டு டாக்டர், இரண்டு பேச்சு, யாரை நம்புவது?

வாசகி கேட்டது (கடிதத்தின் சுருக்கம்):

"டாக்டர், என் அம்மாவுக்கு 49 வயது. இரண்டு வருடங்களுக்கு முன் இரைப்பையில் புற்று என்று முழு இரைப்பையையும் எடுத்தார்கள். பிறகு கீமோ கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தார். மூன்று மாதங்களுக்கு முன் அவரைக் குளிப்பாட்டும்போது இடது மார்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து தடித்திருந்ததை நான்தான் பார்த்தேன். கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. பாட்டி அக்கி என்று சொல்லி, குயவர் வீட்டில் காவி வைத்து அக்கி எழுதிக் கூட்டி வந்தார். அடங்கவில்லை. பக்கத்து ஊர் டாக்டர் சீழ்க் காய்ச்சல் என்று மூன்று வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்தார். அதற்கும் கேட்கவில்லை. தோலில் துளி எடுத்துப் பரிசோதித்ததில் கேன்சர் என்று வந்துவிட்டது. ஒரு டாக்டர், 'இது புதிதாக வந்த மார்பகப் புற்று, டிரிபிள் நெகடிவ், மார்பை எடுக்க வேண்டும்' என்கிறார். இன்னொருவர், 'பழைய இரைப்பைப் புற்றுதான் தோலுக்கு வந்திருக்கிறது, அறுவை வேண்டாம்' என்கிறார். யாரை நம்புவது? ஊசி குத்தியதால்தான் பரவியது என்று அத்தை திட்டுகிறார். என் மூன்று வயதுப் பையனை அம்மா பக்கத்தில் படுக்க விடலாமா? எனக்கும் வருமா? அம்மா என்னிடம் 'என்னடி சொன்னாங்க' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ரிப்போர்ட் இரண்டையும் இணைத்திருக்கிறேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர் இல்லை நான். பெத்தாலஜிஸ்ட், அதாவது அறுத்தெடுத்த சதையைச் சோதித்து நோயைச் சொல்பவன். மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவன். உங்கள் குழப்பம் ஆரம்பித்த இடமும் அந்த மேசைதான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தோல் பயாப்சி ரிப்போர்ட்டின் மேல்பக்கத்தைப் பாருங்கள். நோயின் விவரம் எழுதும் கட்டத்தில் 'இடது மார்பு, சிவப்பு, 3 வாரம், மார்பகப் புற்றா?' என்று மட்டும் இருக்கிறது. இரைப்பையை எடுத்த சங்கதி ஒரு வார்த்தை இல்லை. அந்த லேபில் இருந்தவருக்கு வந்தது இவ்வளவுதான்: பெண், 49 வயது, மார்புத் தோல், உள்ளே புற்றுச் செல்கள். மார்பில் புற்று என்றால் வழக்கமாகப் பார்க்கும் மூன்று சோதனைகளைப் பார்த்தார். ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர், புரொஜெஸ்டிரான் ரிசெப்டர், ஹெர்2 என்ற புரதங்கள் செல்லில் இருக்கின்றனவா என்று. மூன்றும் இல்லை என்று வந்தது. மார்பகப் புற்றில் இந்த மூன்றும் இல்லாவிட்டால் அதன் பெயர் டிரிபிள் நெகடிவ். அவர் கணக்கு அப்படிப் போயிருக்கிறது.

ஆனால் இரைப்பையிலிருந்து வந்த செல்லிலும் பெரும்பாலும் இந்த மூன்றும் இருக்காது. மாங்கொட்டையை முளைக்கப் போட்டுவிட்டு 'இதில் தேங்காய் காய்க்கவில்லை, ஆகவே இது காய்க்காத தென்னை' என்று சொல்வது போலத்தான் இது. டிரிபிள் நெகடிவ் என்ற பெயர், செல் மார்பகத்தில் பிறந்தது என்று தெரிந்த பிறகு வைக்க வேண்டியது. பெயரைக் காட்டிப் பிறந்த இடத்தை நிரூபிக்க முடியாது.

அதே ரிப்போர்ட்டின் நடுவில் ஒரு வரி இருக்கிறது. 'சிக்னெட் ரிங் செல்கள் காணப்படுகின்றன.' உங்கள் அம்மாவின் பழைய இரைப்பை ரிப்போர்ட்டிலும் இதே வார்த்தை வருகிறது. சிக்னெட் ரிங் என்றால் முத்திரை மோதிரம். இந்தச் செல்லுக்குள் சளி போன்ற ஒரு பொருள் நிரம்பி உப்பிவிடும். அது செல்லின் உட்கருவை ஒரு ஓரமாகத் தள்ளி நசுக்கிவிடும். வழக்கமான சாயம் போட்ட ஸ்லைடில் பார்த்தால், வெளிறிய வட்டம் ஒன்று, அதன் விளிம்பில் பிறை மாதிரி ஒரு கருநீலப் பட்டை. பார்க்க மோதிரமும் அதன் கல்லும்தான். தோலின் அடியில் உள்ள நுண்ணிய நிணநீர்க் குழாய்களில் இவை கொத்துக்கொத்தாக அடைத்துக்கொண்டு நிற்கும். நீர் வடிய வழியில்லாமல் தோல் வீங்கும், சிவக்கும், சூடாகும், ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகக் குழியும். கட்டி கைக்குத் தட்டுப்படாதது இதனால்தான். காய்ச்சலோ சீழோ இல்லாமல் மூன்று வாரம் ஆன்டிபயாடிக் தின்றும் சிவப்பு அப்படியே நின்றதும் இதனால்தான்.

பாட்டியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அக்கியும் சிவந்து, ஒரு பக்கமாகத்தான் வரும். தோலுக்கு வந்த புற்று அச்சாக அக்கி மாதிரியே பட்டையாகப் படர்வதும் உண்டு. காவி எந்தக் கெடுதலும் செய்யவில்லை. சில நாள் போனது, அவ்வளவுதான். ஆன்டிபயாடிக்கில் போன நாள் அதைவிட அதிகம் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

ஆக, என் மனம் இரண்டாவது டாக்டர் பக்கம் சாய்கிறது. ஆனால் சாய்வதை வைத்து வைத்தியம் செய்ய முடியாது. காரணம், மார்பகத்திலேயே பிறக்கும் லோபுலார் என்ற வகைப் புற்றும் சில சமயம் இதே மோதிரச் செல்லைக் காட்டும். இரண்டுக்கும் ஒரே இடத்தில் கோளாறு. செல்லையும் செல்லையும் ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரின் என்ற பசை இரண்டிலும் அநேகமாகத் தொலைந்திருக்கும். பசை போனால் செல்கள் கட்டியாகச் சேராமல் எறும்பு வரிசை மாதிரி தனித்தனியே ஊர்ந்து போகும். இன்னொரு வேடிக்கை, லோபுலார் மார்பகப் புற்று எதிர்த்திசையில் இரைப்பைக்குப் போய், இரைப்பையிலேயே பிறந்தது மாதிரி நடிப்பதும் உண்டு. அதனால் ஈ-கேட்ஹெரின் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது, உருவத்தை மட்டும் பார்த்தும் பிரிக்க முடியாது.

நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம் இதுதான். இரைப்பையை எடுத்த மருத்துவமனையின் பெத்தாலஜி துறைக்குப் போங்கள். 'பிளாக் வேண்டும்' என்று கேளுங்கள். அறுத்த சதையின் துண்டுகளை மெழுகில் பதித்துச் சிறு கட்டிகளாக வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். தீப்பெட்டியைவிடச் சின்னது, ஓரத்தில் ஒரு எண் இருக்கும். அந்த எண் உங்களிடம் உள்ள பழைய ரிப்போர்ட்டின் தலைப்பிலேயே இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் மனு, அம்மாவின் கையெழுத்து, ஆதார் ஜெராக்ஸ், பெரும்பாலும் இது போதும். தோல் பயாப்சியின் பிளாக்கையும் அந்த லேபிலிருந்து இதேபோல் வாங்குங்கள். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காரில் போனால் முன் கண்ணாடி ஓரத்து வெயிலில் வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகும்.

இரண்டு பிளாக்கையும் ஒரே லேபில் கொடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்டா3, மாமாகுளோபின், ஜிசிடிஎஃப்பி-15 ஆகியவை மார்பகச் செல்லைக் காட்டிக்கொடுக்கும் சாயங்கள். சிடிஎக்ஸ்2, சிகே20 இரண்டும் வயிறு குடல் பக்கத்துக்கு. சிகே7 இரண்டிலும் ஏறும், அதனால் தனியாக உதவாது. எந்த ஒரு சாயமும் நூற்றுக்கு நூறு கிடையாது. இரைப்பைச் செல்லில் சிடிஎக்ஸ்2 ஏறாமல் போவதும் நடக்கும். அதனால்தான் பழைய இரைப்பைத் துண்டு பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். அண்ணன் தம்பி என்று முகத்தை ஒப்பிட்டுச் சொல்வது சுலபம், ஒருவரை மட்டும் நிறுத்தி வைத்து எந்த ஊர்க்காரர் என்று கேட்டால்தான் கஷ்டம். கூடவே மார்பகத்துக்கு மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுத்து, உள்ளே தனியாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள்.

ஹெர்2 பற்றி ஒரு சொல். இதை நோயாளிகளிடம் யாரும் சொல்வதில்லை. இரைப்பைப் புற்றில் ஹெர்2 மதிப்பெண் போடும் விதி வேறு, மார்பகப் புற்றில் வேறு. மார்பக விதிப்படி பார்த்தால் செல்லைச் சுற்றி முழு வளையமாகச் சாயம் ஏற வேண்டும். இரைப்பை விதியில் அடிப்பக்கமும் பக்கவாட்டும் ஏறினாலே கணக்கு. ஆகவே 'இது இரைப்பையிலிருந்து வந்ததா என்று பார்க்கிறோம்' என்று மனுவில் எழுதுங்கள். மோதிரச் செல் வகையில் ஹெர்2 இருப்பது குறைவுதான். இருந்துவிட்டால் மருந்தே மாறும் என்பதால் விடக்கூடாது. எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் பிடி-எல்1, எம்எம்ஆர், கிளாடின் 18.2 ஆகிய சோதனைகளையும் அதே துண்டிலேயே பார்த்துவிடலாம்.

இது அடிக்கடி நடப்பதா? இல்லை. இரைப்பைப் புற்று போகும் வழக்கமான இடங்கள் கல்லீரல், வயிற்றின் உள்சவ்வு, நிணநீர்க் கட்டிகள், பெண்களுக்கு சினைப்பை. தோலுக்கு வருவது நூற்றில் ஒருவருக்கு என்றுகூடச் சொல்ல முடியாத அளவுக்கு அரிது. அதிலும் மார்பின் தோல் என்றால் மருத்துவ இதழ்களில் தனித்தனி நோயாளிகளின் கதையாக எழுதப்படும் விஷயம். அரிது என்பதால்தான் முதல் டாக்டருக்கு அது தோன்றவில்லை. ஆனால் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடம் இரைப்பைப் புற்று வெகுகாலமாக முன்வரிசையில் நிற்கிற மாநிலம் நம்முடையது. வயிற்றில் நெடுக்குத் தழும்போடு வரும் அம்மாவிடம் 'இது என்ன ஆபரேஷன்' என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் என்று எனக்கு வருத்தம்தான்.

இடது பக்கம் ஏன் என்று உங்கள் தம்பி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. வயிற்றுப் பக்கத்து நிணநீர் முழுவதும் ஒரு பெரிய குழாயில் சேர்ந்து மேலேறி, இடது கழுத்தெலும்புக்குப் பின்னால் ரத்தத்தில் கலக்கிறது. இரைப்பைப் புற்று இடது கழுத்தில் நெறி கட்டுவது பழைய பாடம். அங்கே அடைத்துக்கொண்டால் நீர் எதிர்த்து ஓடி, இடது அக்குளுக்கும் மார்புத் தோலுக்கும் செல்களைக் கொண்டுவரலாம். கூடவே போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை, ஆனாலும் பதிவான நோயாளிகளில் இடது மார்புதான் அதிகம் பேசப்படுகிறது.

அத்தை சொன்னதற்கு வருவோம். ஊசி குத்தியதால் பரவவில்லை. ஊசி குத்தும் முன்பே தோல் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துளித் தோலை எடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

நீங்கள் குளிப்பாட்டும்போது கண்டதற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் ரோச்செஸ்டர் நகரில், வில்லியம் மேயோ என்ற பெரிய சர்ஜனுக்கு ஆபரேஷன் தியேட்டரில் துணையாக இருந்தவர் மேரி ஜோசஃப் என்ற கன்னியாஸ்திரி. அறுவைக்கு முன் நோயாளியின் வயிற்றைத் துடைத்துச் சுத்தம் செய்வது அவர் வேலை. சிலருக்குத் தொப்புளில் கெட்டியாக ஒரு முடிச்சு கையில் படும். வயிற்றைத் திறந்தால் உள்ளே புற்று பரவியிருக்கும். இந்தத் தொடர்பைக் கவனித்தவர் அவர்தான். மேயோ அதை 1928-ல் எழுதினார். 1949-ல் ஹாமில்டன் பெய்லி என்ற ஆங்கிலேய சர்ஜன் அந்த முடிச்சுக்கு அந்தக் கன்னியாஸ்திரியின் பெயரையே வைத்தார், இன்றும் மாணவர்கள் அதே பெயரில்தான் படிக்கிறார்கள். குளிப்பாட்டும்போது நீங்கள் பார்த்ததும் இந்த ரகம்தான். 'முன்னாடியே பார்க்காமல் விட்டுவிட்டேனே' என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

இனி மார்பை எடுப்பது. இது இரைப்பையிலிருந்து வந்ததுதான் என்று உறுதியானால் எடுக்க வேண்டியதில்லை, எடுக்கவும் கூடாது என்பதே என் கருத்து. தோலுக்கு வந்துவிட்டது என்றால் ரத்தத்திலும் நிணநீரிலும் செல்கள் சுற்றுகின்றன என்று பொருள். மார்பை எடுத்தால் அறுத்த தழும்பின் ஓரத்திலேயே மறுபடி சிவக்கும். புண் ஆறும்வரை கீமோவும் தள்ளிப்போகும். அந்த நாட்கள் விலையுள்ளவை. சிகிச்சை இரைப்பைக்கான மருந்துகளே. பொதுவாக ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப், கேப்சிடபைன் மாத்திரை. ஹெர்2 இருந்தால் டிராஸ்டுசுமாப், பிடி-எல்1 இருந்தால் நிவோலுமாப் சேரலாம். அம்மாவுக்கு முதல் கீமோ முடிந்து எத்தனை மாதம் ஆயிற்று என்பதைப் பார்த்து, பழைய மருந்தையே கொடுப்பதா, பாக்லிடாக்சல் என்ற வேறு மருந்துப் பக்கம் போவதா என்று ஆன்காலஜிஸ்ட் (புற்றுநோய் டாக்டர்) முடிவு செய்வார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே எடுத்துப் போங்கள்.

இந்த நோயில் ஒரு சௌகரியம், மருந்து கேட்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். வாரம் ஒரு நாள், அதே ஜன்னல் வெளிச்சத்தில், அம்மா சம்மதித்தால் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சிவப்பின் ஓரத்தை டாக்டர் பேனாவால் கோடு போட்டுத் தரட்டும். அடுத்த ஸ்கேன் வருவதற்கு முன்பே கோட்டுக்கு உள்ளே சுருங்குகிறதா, வெளியே போகிறதா என்று பேச முடியும்.

எத்தனை நாள் என்று கேட்க நினைத்து, எழுதி, அடித்திருக்கிறீர்கள். ஸ்கேன் செய்த தாளில் தெரிகிறது. கேட்காததற்கும் பதில் சொல்கிறேன். இந்த நிலையில் குணமாக்க முடியாது, கட்டுப்படுத்தப் பார்க்கலாம். 2010-ல் வெளியான டோகா என்ற பெரிய ஆய்வில், பரவிய, ஹெர்2 உள்ள இரைப்பைப் புற்றுக்காரர்கள் கீமோ மட்டும் எடுத்தபோது நடுக்கணக்கில் (பாதிப் பேர் இதற்குக் குறைவாக, பாதிப் பேர் கூடுதலாக) 11.1 மாதம் உயிரோடு இருந்தார்கள், டிராஸ்டுசுமாப் சேர்த்தபோது 13.8 மாதம். அவர்கள் முதல்முறை மருந்து எடுத்தவர்கள், தோலில் பரவியவர்களும் அதில் தனியாகக் கணக்கிடப்படவில்லை. உங்கள் அம்மாவுக்கு அதைவிடக் குறையவும் செய்யலாம். மாதங்களில்தான் பேச வேண்டும், வருடங்களில் பேச முடியாது. தள்ளிவைத்த கல்யாணம், பத்திரம், கோயில் ஏதாவது இருந்தால் இப்போதே முடியுங்கள்.

தோலுக்கு: மஞ்சள், வேப்பிலை, விளக்கெண்ணெய் எதையும் பற்றுப் போட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், தேய்க்காமல் ஒற்றித் துடைக்கும் பருத்தித் துணி, தொளதொள ரவிக்கை. நீர் கசிய ஆரம்பித்தால் ஒட்டாத கட்டு போடச் சொல்லிக் கேளுங்கள். வாடை வந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், மெட்ரோனிடசோல் ஜெல் தடவினாலே பெருமளவு அடங்கும். எரிச்சலும் கசிவும் தாங்கவில்லை என்றால் அந்த இடத்துக்கு மட்டும் சில நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பார்கள். வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதினால் பயப்படாதீர்கள். அது கிடைப்பதைச் சுலபமாக்கத்தான் 2014-ல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள்.

பையன் தாராளமாகப் பாட்டி பக்கத்தில் படுக்கலாம். புற்று தொற்றாது. கீமோ ஏற்றி இரண்டு நாள் அம்மாவின் வாந்தி, சிறுநீர் பட்ட துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள், கேப்சிடபைன் மாத்திரை குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். மற்றபடி அவனைத் தள்ளிப் படுக்க வைத்தால்தான் உங்கள் அம்மாவுக்கு நோய் கூடும்.

உங்களுக்கு வருமா? மோதிரச் செல் வகையில் ஒரு சிறு பகுதி பரம்பரையாக வருவது. சிடிஎச்1 என்ற மரபணு, மேலே சொன்ன ஈ-கேட்ஹெரின் பசையைச் செய்யும் மரபணு, பழுதாக இருந்தால் அது பாதிக்குப் பாதி வாய்ப்பில் பிள்ளைகளுக்குப் போகும். நியூசிலாந்தில் தலைமுறை தலைமுறையாக இளவயதில் இரைப்பைப் புற்று வந்த ஒரு மாவோரிக் குடும்பத்தில் 1998-ல் இதைக் கண்டார்கள். இந்தப் பழுது உள்ள பெண்களுக்கு லோபுலார் மார்பகப் புற்று வரும் வாய்ப்பும் மிகக் கூடுதல். உங்கள் அம்மாவுக்கு இரைப்பையில் கண்டது 47 வயதில். இந்த வகை 50-க்கு முன் வந்தாலே, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும், ரத்தத்தில் இதைப் பார்க்கலாம் என்பது இப்போதைய வழிகாட்டுதல். பெரும்பாலோருக்குப் பழுது இருக்காது. ஆனால் சோதனையை அம்மாவுக்குத்தான் முதலில் செய்ய வேண்டும், அவர் இருக்கும்போதே. அவரிடம் இல்லை என்றால் உங்களையும் தம்பியையும் இதற்காகக் குத்த வேண்டியதில்லை. இருந்தால் மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேச நிறைய இருக்கிறது, அதைக் கடிதத்தில் எழுதக் கூடாது. இதற்கு நடுவில் நீங்களும் தம்பியும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மருந்து எடுத்துவிடுங்கள். இரைப்பைப் புற்றுக்கு அதுவும் ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே பட்டியலிட்டது.

'என்னடி சொன்னாங்க' என்று அம்மா கேட்கிறார் அல்லவா? ஒரு தடவை கேன்சரைப் பார்த்தவர் அவர், மார்பை அன்றாடம் பார்ப்பவரும் அவர்தான். உங்கள் முகத்தையும் பார்க்கிறார். அவருக்குத் தெரியாது என்று நீங்கள் மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். 'பழசு திரும்பி வந்திருக்கும்மா, மார்பை எடுக்க வேண்டாம்னு சொல்றாங்க, மருந்து ஏத்தணும்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த கேள்வியை அவர் கேட்கட்டும். கேட்டால் பொய் சொல்லாதீர்கள். கேட்காவிட்டால் விடுங்கள்.

ஒன்றை மறந்தேன். முழு இரைப்பையையும் எடுத்தவருக்கு பி12 சத்து உணவிலிருந்து சேராது, பெரும்பாலும் ஊசியாகத்தான் போடுவார்கள். கல்லீரலில் இருந்த சேமிப்பு இரண்டு மூன்று வருடத்தில் தீரும். 'கால் மரத்துப் போகுது, நடந்தா தள்ளாடுது' என்று கடிதத்தின் ஓரத்தில் கிறுக்கியிருந்தீர்களே, அது கீமோவாலும் வரும், புற்று முதுகெலும்புக்குப் போயிருந்தாலும் வரும், வெறும் பி12 குறைவாலும் வரும். அதனால் காத்திருக்காமல் இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். கடைசி ஊசி எப்போது போட்டார்கள் என்று பழைய சீட்டில் தேடி எடுத்துக் கையோடு கொண்டு போங்கள்.